மஞ்சள் பாலும் வெண்சோறும்: கற்றாழையின் இலண்டன் கதை

சித்திரை வருடப்பிறப்பு என்றால் எங்களுக்கு முதல் வேலை மருத்துநீர் வைத்து முழுகுவதுதான். தாழம்பூவும் தாமரைப்பூவும் துளசியும் வில்வமும் அறுகும் மஞ்சளும் மிளகும் சுக்கும் போட்டுக் காய்ச்சிய அந்த நீரைத் தலையில் வைத்துவிட்டுத்தான் புத்தாடை, பொங்கல், கைவிசேஷம் எல்லாம். இலண்டனுக்கு வந்த பிறகும் கோயிலில் வரிசையில் நின்று ஒரு சிறு போத்தல் மருத்துநீர் வாங்கி வருகிறோம். மூலிகை உடம்பில் படாமல் எங்களுக்கு ஆண்டு பிறப்பதில்லை. ஆகவே இந்த ஆண்டு மலரில் ஒரு மூலிகையின் சரித்திரத்தை எழுதுவது பொருந்தும் என்று நினைத்தேன். மருத்துநீரில் இது சேர்வதில்லை. ஆனால் எங்கள் ஆட்களின் வீடுகளில் ஜன்னல் ஓரத்துச் சட்டியிலோ, குளியலறைத் தட்டில் பச்சைப் போத்தலாகவோ இது இல்லாத வீடு குறைவு. அதுதான் சோற்றுக் கற்றாழை. எங்கடை வாயில் கத்தாளை.

வெயில் சுட்ட தோலுக்கும், சவரம் செய்து எரியும் கன்னத்துக்கும், குளிரில் வெடித்த கைக்கும் பூசுகின்ற அந்தப் பச்சைப் போத்தலை எடுத்து, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் உள்ளதை வாசித்துப் பாருங்கள். பெரும்பாலான போத்தல்களில் 'அலோ பார்படென்சிஸ்' என்றிருக்கும். பார்படோஸ் தீவுக் கற்றாழை என்று அர்த்தம். எங்கள் வீட்டு வேலிக்கரையில் நின்ற செடிக்கு எங்கேயோ மேற்கிந்தியத் தீவின் பெயர் எப்படி வந்தது? அந்தப் பெயரை வைத்தவர் யார்? இந்தக் கேள்வியைப் பின்பற்றிப் போனால் அது எங்களை இலண்டனிலேயே, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது.

ஒரு மடலில் இரண்டு மருந்து

சரித்திரத்துக்குப் போக முன்னர் செடியைப் பார்த்துக்கொள்வோம். கற்றாழை மடலை அடியில் அறுத்து நிமிர்த்தி வைத்தால் முதலில் மஞ்சளாக ஒரு பால் வடியும். அது பச்சைத் தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் குழாய்களில் இருப்பது. வாயில் வைக்க முடியாத கசப்பு. உள்ளே தள்ளினால்தான் கண்ணாடி போன்ற, வழுவழுத்த சோறு. அந்தச் சோற்றில் 100க்கு 98, 99 பங்கு வெறும் தண்ணீர். மிகுதியில் அதைக் கொழகொழவென்று வைத்திருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது அசிமன்னான் எனப்படுவது.

இந்த இரண்டும் ஒரே மடலில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மருந்துகள். மஞ்சள் பால் வயிற்றைக் கலக்கிப் பேதி போக்கும். சிலருடைய தோலில் பட்டால் கடிக்கும், தடிக்கும். வெண்சோறு தோலைக் குளிர்த்தி எரிவைத் தணிக்கும். உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு மூலிகைகள் பற்றி ஒரு தொகுப்பு வெளியிட்டபோது, உலர்த்திய பாலுக்கு ஒரு கட்டுரை, சோற்றுக்கு ஒரு கட்டுரை என்று தனித்தனியாகவே எழுதியது. ஆனால் எங்கடை பழைய மனுசியளுக்கு அந்தத் தொகுப்புத் தேவைப்படவில்லை. "மஞ்சள் பால் வடிய விட்டிட்டு, சோறை ஏழு தரம் கழுவு பிள்ளை" என்றுதான் அவர்கள் சொல்லித் தந்தார்கள். ஏழு தரம் கழுவுவதில் சடங்கு ஒன்றுமில்லை. கசப்புப் பால் முழுதாகப் போகவேண்டும் என்பதற்கான கணக்கு அது.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். இலண்டனில் கற்றாழையின் கதை ஏறக்குறைய 300 வருடங்களுக்கு மஞ்சள் பாலின் கதை மாத்திரமே.

கடல் தாண்டி வந்த செடி

கற்றாழை எங்கள் மண்ணின் செடி என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். சித்த வைத்தியத்தில் அதற்குக் குமரி என்று பெயர். குமரி எண்ணெய், குமரி லேகியம் என்று மருந்துகள் உண்டு. மன்னார், யாழ்ப்பாணக் கரையோர மணலில் தண்ணீர் ஊற்றாமலே நிற்கும். தமிழ்நாட்டில் கண்ணூறு படாமலிருக்க வேரோடு பிடுங்கி வாசலில் தலைகீழாகக் கட்டுவார்கள். மாதக்கணக்காக மண்ணில்லாமலே பச்சையாக இருக்கும். இவ்வளவு சொந்தம் கொண்டாடும் செடி வேறு எங்கிருந்து வந்திருக்க முடியும்?

இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் ஆராய்ச்சியாளரும் அவர்களுடைய கூட்டாளிகளும் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட மரபணு ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. கற்றாழைக் குடும்பம் தோன்றியது தென்னாபிரிக்கப் பக்கம், சுமார் 160 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர். நாங்கள் பூசுகின்ற சோற்றுக் கற்றாழையின் நெருங்கிய உறவுகள் அரேபியத் தீபகற்பத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வியாபாரக் கப்பல்களோடு கிழக்கும் மேற்கும் போய், போன இடமெல்லாம் வேர்பிடித்துவிட்டது. அது எப்போது எங்கள் கரையை அடைந்தது என்பது மறந்துபோகும் அளவுக்குப் பழைய சங்கதி. கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில் டயஸ்கோரிடிஸ் என்ற கிரேக்க வைத்தியர் எழுதும்போதே, இந்தச் செடி இந்தியாவில் மிகுதியாக விளைகிறது என்றும் அதன் பால் அங்கிருந்து வருகிறது என்றும் குறித்துவிட்டார். பேதிக்கு மட்டுமல்ல, புண் ஆறுவதற்கும் இரத்தம் கட்டுப்படுவதற்கும் அதை அவர் சொல்லியிருக்கிறார்.

அரபிக் கடலில் சொகொத்ரா என்றொரு தீவு இருக்கிறது. கற்றாழைக்காக அந்தத் தீவைப் பிடிக்கும்படி அரிஸ்டோட்டில் மகா அலெக்சாந்தருக்குப் புத்தி சொன்னதாக அரபு எழுத்தாளர்கள் ஒரு கதை சொல்லுவார்கள். கதையோ உண்மையோ, அந்தத் தீவின் கற்றாழைப் பால் உலகமெங்கும் பேர்போனது. அது எங்களுடைய கற்றாழை அல்ல, அதன் சகோதர இனம். கியூவைச் சேர்ந்த பேக்கர் என்பவர் அதற்குத் தனிப்பெயர் வைத்தார். உலர்ந்த பாலைத்தான் நாங்கள் கரியபோளம், மூசாம்பரம் என்கிறோம். மூசாம்பரம் என்ற சொல்லே அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆக, வந்த வழியைச் சொல்லும் அடையாளம் எங்கள் மருந்துச் சரக்குக் கடையிலேயே இருந்திருக்கிறது. நாங்கள்தான் அதைக் கவனிக்கவில்லை.

இலண்டன் வாங்கிய கசப்பு

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் இந்தியாவுக்குப் போகும் வழியில் சொகொத்ராவில் தங்கி, அந்தத் தீவின் சுல்தானிடம் கரியபோளம் வாங்கின. அன்றைய இலண்டன் வைத்தியத்தில் பேதி என்பது சர்வரோக நிவாரணி. காய்ச்சலோ, தலையிடியோ, மனச்சோர்வோ, முதலில் வயிற்றைக் கழுவு என்பதுதான் வழக்கம். ஆகவே கரியபோளத்துக்குக் கேள்வி குறையவேயில்லை.

சொகொத்ராவிலிருந்து கொண்டுவருவது தூரமும் செலவும். மேற்கிந்தியத் தீவுகளில் ஆங்கிலேயர் பிடித்த பார்படோஸ் தீவில் எங்கள் சோற்றுக் கற்றாழை நன்றாக வளர்ந்தது. வெட்டிய மடல்களைச் சாய்வான மரத்தொட்டிகளில் அடுக்கி, வடியும் பாலைச் செப்புப் பாத்திரத்தில் காய்ச்சி, இறுகும் பதத்தில் சுரைக் குடுவைகளில் ஊற்றி ஏற்றுமதி செய்தார்கள். 1693ஆம் ஆண்டளவில் பார்படோஸ் கரியபோளம் இலண்டன் மருந்துக் களஞ்சியங்களில் இருந்ததாகக் குறிப்பு உண்டு. அந்தத் தோட்டங்களில் மடல் வெட்டியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834இல்தான் நடைமுறைக்கு வந்தது. போத்தலில் இருக்கும் 'பார்படென்சிஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் அந்த மனிதர்களின் உழைப்பும் இருக்கிறது என்பதை மறந்துவிட முடியாது. பிரிக்ஸ்டன் சந்தையில் ஜமெய்க்கா நாட்டுக் கிழவிகளும் இந்த மடலை வாங்குவார்கள். அவர்கள் அதைச் 'சிங்கிள் பைபிள்' என்பார்கள். என்றும் வாழ்வது என்ற பொருள்படும் 'செம்பர்வைவம்' என்ற இலத்தீன் சொல் அவர்கள் வாயில் அப்படித் திரிந்ததாம். கற்றாழை கத்தாளை ஆனது போலத்தான்.

இலண்டனில் இறங்கிய கரியபோளம் மின்சிங் லேன் பகுதியில் ஏலம் போனது. இலங்கைத் தேயிலையை ஏலம் கூறிய அதே தெருவைத்தான் சொல்கிறேன். ஏலத்தில் கசப்புக்கு மட்டுமே விலை. பால் வடிந்து முடிந்த மடல்கள், உள்ளிருந்த சோற்றோடு, தோட்டத்திலேயே கழிவாகப் போயின. மரத்தொட்டிக்குப் பக்கத்தில் குவிந்து அழுகிய அந்தச் சோறுதான் இன்றைக்குப் போத்தலில் அடைத்துப் பவுண் கணக்கில் விற்கப்படுகிறது.

தோலுக்கு இலண்டன் கற்றாழையைப் பயன்படுத்தவே இல்லையா என்று கேட்டால், ஒரு வழியில் பயன்படுத்தியது. எங்களில் பலர் ஊரிலேயே அறிந்த 'ஃபிரையர்ஸ் பால்சம்' இருக்கிறதே, தடிமனுக்கு வெந்நீரில் விட்டு ஆவி பிடிப்போமே, அதில் சாம்பிராணிப் பிசினோடு கரியபோளமும் சேரும். முந்திய காலத்தில் அதை வெட்டுக்காயத்துக்கும் வெடித்த தோலுக்கும் பூசினார்கள். நகம் கடிக்கும் பிள்ளையின் விரலில் கசப்புக் கற்றாழை தடவுவதும் ஆங்கிலத் தாய்மாரின் வழக்கம். எங்கள் தாய்மார் பால் மறக்கடிக்கக் கற்றாழைக் கசப்பைத் தடவியதும் இதே யோசனைதான். எங்களவரும் சுளுக்குக்கும் அடிபட்ட வீக்கத்துக்கும் மூசாம்பரத்தைப் பற்றுப் போட்டார்கள். ஆனால் அங்கே கசப்போடு கதை முடிந்தது. எங்களிடம் சோற்றுக்கும் ஒரு கதை இருந்தது.

எடின்பரோவில் 1851ஆம் ஆண்டு ஸ்மித் சகோதரர்கள் பார்படோஸ் கரியபோளத்திலிருந்து அதன் கசப்புச் சத்தைப் பிரித்தெடுத்து அலோயின் என்று பெயரிட்டார்கள். ஐரோப்பிய இரசாயனமும் முதலில் தேடிக் கண்டது கசப்பைத்தான்.

செல்சித் தோட்டமும் பத்து நாளும்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஸ்லோன் ஸ்குயர் ரியூப் நிலையத்தில் இறங்கித் தேம்ஸ் பக்கமாக நடந்தால், உயர்ந்த செங்கல் மதிலுக்குள் ஒரு தோட்டம் இருக்கிறது. செல்சி மருத்துவத் தோட்டம். இலண்டன் மருந்துச் சரக்கு வைத்தியர் சங்கம் தன்னுடைய மாணாக்கர் மூலிகைகளைக் கண்ணால் கண்டு பழக வேண்டும் என்று 1673இல் அதைத் தொடங்கியது. சேர் ஹான்ஸ் ஸ்லோன் என்பவர் 1722இல் வருடத்துக்கு 5 பவுண் வாடகை என்று அந்த நிலத்தை என்றென்றைக்குமாக அவர்களுக்குக் கொடுத்தார். 1983 முதல் பொதுமக்களும் உள்ளே போகலாம்.

அந்த 1722ஆம் ஆண்டிலேயே தலைமைத் தோட்டக்காரராக வந்தவர் பிலிப் மில்லர். 1770 வரைக்கும், ஏறத்தாழ அரை நூற்றாண்டு, அவர் அங்கே இருந்தார். வெப்பநாட்டுச் செடிகளைக் குளிரில் சாகவிடாமல் கண்ணாடி அறைகளில் அடுப்புச் சூடு கொடுத்து வளர்த்தார். அவர் எழுதிய தோட்டக்காரர் அகராதி பல பதிப்புகள் கண்டது. அதன் 8ஆம் பதிப்பு 1768 ஏப்ரல் 16இல் வெளியானது. அதில்தான் அவர் இந்தச் செடிக்கு அலோ பார்படென்சிஸ் என்று பெயர் கொடுத்தார். இலண்டன் சந்தைக்குச் சரக்கு வருவது பார்படோஸிலிருந்து. ஆகவே அந்தப் பெயர்.

ஆனால் அதற்குப் பத்து நாள் முந்தியே வேறொரு புத்தகம் வெளிவந்துவிட்டது. ஒல்லாந்தரான நிக்கலாஸ் பர்மன் எழுதிய 'புளோரா இண்டிகா'. அதில் இதே செடிக்கு அலோ வெரா, உண்மையான கற்றாழை, என்று பெயர். யார் முதலில் அச்சிட்டாரோ அவர் பெயரே செல்லும் என்பது தாவரவியலாளரின் நியதி. பத்து நாளில் இலண்டன் தோற்றது. தாவரவியல் ஏற்ற பெயர் அலோ வெரா. ஆனாலும் அழகுசாதன வியாபாரம் மில்லருடைய பெயரை விடவில்லை. இன்றும் அது போத்தலின் பின்பக்கத்தில் இருக்கிறது.

இந்தப் பர்மன் எங்களுக்கு முற்றிலும் அந்நியரல்ல. இவருடைய தகப்பன் யொஹான்னஸ் பர்மன் 1737இல் இலங்கைச் செடிகளைப் பற்றி 'தெசாரஸ் செய்லானிகஸ்' என்ற நூலை எழுதியவர். ஒல்லாந்தர் காலத்தில், 1670களில், இலங்கையில் வைத்தியராக இருந்த போல் ஹெர்மன் சேர்த்து உலர்த்திய இலங்கைச் செடிகளின் தொகுதிகள் இன்று இலண்டன் சவுத் கென்சிங்ரன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றை வைத்துத்தான் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவர நூலை எழுதினார். எங்கள் தீவின் இலைகளும் எங்களைப் போலவே இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

தமிழ் வைத்தியரின் சோறு இலண்டன் அச்சில்

பெயரைப் பற்றிய போட்டி ஒருபுறமிருக்க, கற்றாழைச் சோற்றை எங்களவர் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதும் இலண்டனிலேயே அச்சாகியிருக்கிறது. மதராஸில் கிழக்கிந்தியக் கம்பனியின் சத்திரசிகிச்சை வைத்தியராக இருந்தவர் வைட்லோ எய்ன்ஸ்லி. அவர் தமிழ் வைத்தியரோடு பழகி, சந்தைச் சரக்குகளின் பெயர்களைத் தமிழிலேயே கேட்டெழுதி, 1813இல் மதராஸில் ஒரு நூல் வெளியிட்டார். பிறகு அதை விரித்து 1826இல் இலண்டனில் 'மெற்றீரியா இண்டிகா' என்று இரண்டு பாகமாகக் கொண்டுவந்தார்.

அதில் கற்றாழையைப் பற்றி அவர் எழுதியிருப்பது கவனிக்கத் தக்கது. சுதேச வைத்தியர் மடலின் சோற்றைக் குளிர்ந்த தண்ணீரில் நன்றாகக் கழுவி, சிறிது கற்கண்டு சேர்த்து, உடம்பைக் குளிர்விக்கும் மருந்தாகக் கொடுப்பார்கள். அப்படிக் கழுவிய சோற்றோடு பொரித்த படிகாரம் சேர்த்துக் கண்நோய்க்குப் பயன்படுத்துவார்கள். கழுவிய சோறு! எங்கள் அம்மம்மாமார் சொன்ன அதே கழுவல், 200 வருடங்களுக்கு முன்பு ஒரு வெள்ளைக்காரரின் புத்தகத்தில். மின்சிங் லேனில் கசப்பு ஏலம் போய்க்கொண்டிருந்த அதே நகரத்தில், அந்தக் கசப்பைக் கழுவி ஊற்றிவிட்டு மிச்சத்தை மருந்தாக்கும் வைத்தியம் ஒன்று உண்டு என்று அச்சாகிவிட்டது. வியாபாரிகள் அதைக் கவனிக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலும் எங்களுக்கென்று வைத்திய மரபு இருந்தது. செகராசசேகரம், பரராசசேகரம் என்று அரசர் பெயரால் வழங்கும் நூல்கள் அதற்குச் சாட்சி. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இலண்டன் வைத்தியர் ட்ரூயிற் எழுதிய அறுவை நூல் 1867இல் 'இரணவைத்தியம்' என்று தமிழில் வந்தது அவருடைய முயற்சியால்தான். இரண்டு வைத்தியமும் ஒரே மொழியில் அருகருகே இருந்த காலம் அது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் போயின. எழுதி வைத்தவை எரிந்தன. கைப்பழக்கமாக இருந்தது மட்டும் எங்களோடு கப்பலும் விமானமும் ஏறி வந்தது.

எக்ஸ்றே சுட்ட தோல்

மேல்நாட்டு மருத்துவம் சோற்றின் பக்கம் திரும்பியதற்குக் காரணம் ஒரு புதுவிதமான சூட்டுக்காயம். எக்ஸ்றே கண்டுபிடித்த புதிதில் அதன் ஆபத்துத் தெரியாமல் அளவுக்கு மிஞ்சிப் பாவித்தார்கள். தோல் சிவந்து, உரிந்து, மாதக்கணக்கில் ஆறாத புண்ணானது. 1935இல் கொலின்ஸ் என்ற பெயருடைய இரண்டு அமெரிக்க வைத்தியர்கள், அப்படிப்பட்ட புண்ணுக்குக் கற்றாழையின் பச்சை மடலை வைத்துச் சுகப்படுத்தியதாகக் கதிரியக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார்கள். அணுகுண்டுக் காலம் வந்த பிறகு, 1953இல், முயல்களின் தோலில் கதிர்வீச்சுக் காயம் உண்டாக்கிக் கற்றாழை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்றும் வெளியானது. புண் விரைவாக ஆறியதாக அது சொன்னது.

வெட்டிய சோறு சில மணி நேரத்தில் நீர்த்துக் கெட்டுவிடும். அதைக் கெடாமல் போத்தலில் அடைக்கும் வழி 1970களில் அமெரிக்காவில் வியாபாரமாகியது. அதன் பிறகுதான் சவர்க்காரம், ஷாம்பூ, முகக்களிம்பு, கைதுடைக்கும் கடதாசி வரை எல்லாவற்றிலும் கற்றாழை. 300 வருடம் எறிந்த சோற்றை இலண்டன் இப்போது விலை கொடுத்து வாங்குகிறது.

அதே காலத்தில் எங்கள் ஊரில் நடந்தது வேறு. 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை. மருந்துக்குத் தட்டுப்பாடு, சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்கு வரிசை. ஜாம்போத்தலில் திரி போட்ட விளக்கு சரிந்து தீப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! ஆஸ்பத்திரியில் களிம்பு இல்லாத நாளில் வேலிக்கரைக் கத்தாளையைத் தேடிப் போனது ஆசையால் அல்ல, வேறு வழி இல்லாமல். அந்த நாட்களைக் கடந்து வந்தவர்களுக்கு இந்தச் செடியில் ஒரு விசுவாசம் இருப்பது நியாயம். ஆனால் விசுவாசம் ஒரு அளவோடு நிற்கவேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பரிசோதனைகள் சொன்னது என்ன?

சோற்றின் புகழ் பரவிய பிறகு வைத்தியர்கள் முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள். 1991இல் வெளியான ஓர் ஆய்வில், சத்திரசிகிச்சைக்குப் பிறகு திறந்துபோன வயிற்றுக் காயங்களுக்குச் சிலருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், சிலருக்கு அதனோடு கற்றாழைக் களியும் கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சையில் காயம் சராசரியாக 53 நாளில் ஆறியது. கற்றாழை போட்டவர்களுக்கு 83 நாள் பிடித்தது. ஆழமான காயத்துக்கு அது உதவவில்லை, தாமதப்படுத்தியது. மார்புப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற பெண்களின் தோலைக் கற்றாழைக் களி காப்பாற்றுமா என்று பார்த்து 1996இல் வெளியான ஆய்விலும் பலன் தெரியவில்லை. 2012இல் கொக்ரேன் நிறுவனம் காயங்கள் பற்றிய 7 பரிசோதனைகளை, 347 நோயாளரை, ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, நம்பத்தக்க சான்று போதாது என்றே முடித்தது.

அப்படியானால் அம்மம்மா சொன்னது பொய்யா? இல்லை. அவ ஆழமான காயத்துக்குச் சொல்லவில்லையே. வெயில் சுட்டுச் சிவந்த தோலுக்கு, தோல் கிழியாத எரிவுக்கு, இந்த நாட்டின் தேசிய சுகாதார சேவையே கற்றாழை போன்ற களிம்பைப் பூசச் சொல்கிறது. குளிர்ச்சிக்குக் குளிர்ச்சி, அந்த மட்டில் அது நல்ல மருந்து. புகழைப் பெருக்கியது போத்தல் வியாபாரம்.

வீடு வீடாகப் போத்தலும் குடிக்கும் சாறும் விற்கும் முறை எங்கள் சமூகத்துக்குள்ளும் வந்து போனது. சலரோகம் தொட்டுப் புற்றுநோய் வரை சுகமாகும் என்று வரவேற்பறையில் இருந்து சொன்னவர்கள் உண்டு. குடிப்பதில்தான் பழைய மஞ்சள் பால் திரும்பவும் தலைகாட்டுகிறது. கடைகளில் விற்கும் பேதி மருந்துகளில் கற்றாழைப் பாலைச் சேர்ப்பதை அமெரிக்கா 2002இல் நிறுத்தியது. மஞ்சள் பாலை நீக்காமல் முழு மடலையும் அரைத்தெடுத்த சாறு புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அதைச் சேர்த்திருக்கிறது. ஏழு தரம் கழுவச் சொன்ன கிழவி இந்த ஆராய்ச்சி எதையும் வாசித்தவள் இல்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியவை

இலண்டன் வீடுகளில் அடுக்களை ஒடுக்கம். கொதி எண்ணெயும் கொதி தண்ணீரும் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில். ஆகவே சரித்திரத்தோடு நிறுத்தாமல் இவற்றையும் எழுதிவிடுகிறேன்.

முதலாவது, நெருப்போ வெந்நீரோ சுட்டால் கற்றாழையைத் தேடி ஓடவேண்டாம். தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஓடுகின்ற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். மணிக்கூட்டைப் பார்த்து 20 நிமிடம். ஐஸ் வேண்டாம், பற்பசை, வெண்ணெய், மஞ்சள், எண்ணெய் ஒன்றும் வேண்டாம். வீங்க முன்னர் மோதிரம், காப்புகளைக் கழற்றுங்கள். பிறகு சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்ரிக் தாளை மேலே வையுங்கள், இறுக்கிச் சுற்றாமல். காயம் அடிபட்டவரின் உள்ளங்கையும் விரலும் சேர்ந்த அளவைவிடப் பெரிதென்றாலும், முகம், கை, கால், மூட்டுகளில் கொப்புளித்தாலும், தோல் வெளிறியோ கருகியோ போனாலும் உடனே ஆஸ்பத்திரி. ஆங்கிலம் வராது என்று தயங்கவேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டாவது, வெயில் எரிவு, சவர எரிவு, தோல் கிழியாத சிறு சூடு ஆறிய பிறகு வரும் காந்தல், இவற்றுக்குக் கற்றாழை வைக்கலாம். மடலை அடியில் வெட்டி, கால் மணி நேரமாவது நிமிர்த்தி வைத்து மஞ்சள் பாலை வடிய விடுங்கள். தோலைச் சீவி, சோற்றைத் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்த பின்பே பிள்ளைகளுக்குப் பூசுங்கள். திறந்த புண்ணிலும் தையல் போட்ட இடத்திலும் வைக்கவேண்டாம்.

மூன்றாவது, கற்றாழை போலத் தெரிவதெல்லாம் கற்றாழை அல்ல. ஊரில் வேலிக்கு நாட்டிய ஆனைக் கற்றாழை அமெரிக்காவிலிருந்து வந்த வேறொரு குடும்பம். அதன் சாறு தோலில் பட்டால் ஊசி குத்தினது போல் கடித்துக் கொப்புளிக்கும். இலண்டன் பூக்கடைகளில் அழகுக்கு விற்கும் செடிகளிலும் பல இனங்கள் உண்டு. எது என்று நிச்சயமில்லாத செடியைப் பிள்ளையின் தோலில் வைத்துப் பார்க்கவேண்டாம்.

நாலாவது, சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் ஒரு நாள் செல்சித் தோட்டத்துக்கு அவர்களைக் கூட்டிப் போங்கள். வீட்டுக்கு வந்து ஒரு மடலை வெட்டி, அவர்கள் கையாலேயே பாலை வடியவிட்டுக் கழுவச் செய்யுங்கள். "ஏன் அம்மா கழுவ வேண்டும்?" என்று கேட்கும்போது சொல்ல இப்போது உங்களிடம் காரணமும் இருக்கிறது, கதையும் இருக்கிறது. கழுவுவதை மறந்து செடியை மட்டும் அவர்கள் கையில் கொடுத்தால், பெயர் தெரிந்தும் மருந்து தெரியாதவர்களாகத்தான் அவர்கள் நிற்பார்கள்.